சத்தத்துக்குச் சின்னதே போதும்

"சத்தம் போடத்தானே சார், அதுக்குச் சின்னதே போதுமே" என்றார் கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கிற எழுத்தர்.

அந்த ஆள் சொன்னது சட்டப்படி சரி. என்னிடம் இருப்பது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். அப்பா வாங்கியது, அவர் போனபின் என் பெயருக்கு மாறியது. அதில் ஒரு சின்ன .22 ரைஃபிள். அதைப் பெரிய .315 ஆக மாற்றித் தரச் சொல்லித்தான் மனு கொடுத்திருந்தேன். காட்டுப்பன்றி வந்தால் வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டிக்கொள்ளலாம். பன்றியைச் சுடக் கூடாது. சுட்டால் வனத்துறை கேஸ், லைசென்ஸ் ரத்து, துப்பாக்கி பறிமுதல். வானத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்கு .315 எதற்கு? நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"பன்னிங்க ஜாஸ்தியாயிடுச்சுங்க. நாலு ஏக்கர் குச்சிக்கெழங்குல ஒரு ஏக்கர்கூடத் தேறல" என்றேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. பயிர்ச்சேதம்னு எழுதினா இந்த மனு நிக்காது சார். உயிருக்கு ஆபத்துன்னு எழுதுங்க. உங்க பக்கத்துல பன்னி முட்டி யாராவது செத்திருக்காங்களா?"

"செத்திருக்காங்க."

"எப்போ?"

"போன வைகாசியில. எங்க நெலத்துல வேல செய்யற பொம்பள."

"அப்புறம் இன்னா சார்! அத்த விட்டுட்டு கெழங்கு போச்சு, சோளம் போச்சுன்னு எழுதிக்கினு வந்திருக்கீங்களே!" அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்: எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல், இறந்தவர் குடும்பத்தில் ஒருவரின் வாக்குமூலம்.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் வரை நடந்தேன். காரை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ் நிலையத்தில்தான் நினைவுக்கு வந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்து கண்டது போதும்.

எங்கள் மேலோடை கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிற ஓடை, குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளி போட்ட என் காட்டை ஒட்டிப் போய், கீழே புல்லும் புதருமாகப் பரந்து கிடக்கும். கீழ்த்தெரு ஆட்கள் காலையில் அங்கேதான் மாட்டுக்குப் புல் அறுப்பார்கள். வைகாசியில் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம், நானும் என் மனைவி அமிர்தமும் மோட்டார் கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தோம். ரைஃபிள் என் தோளில் இருந்தது. இருபது அடி தள்ளி ஒரு பன்றி. மூக்கால் வரப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது. எட்டு மாதக் கிழங்கு. அதன் பின்னால் நாலு வரிசை மல்லாந்து கிடந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. நான் வானத்தைப் பார்த்துச் சுடவில்லை. தெரிந்தேதான் சுட்டேன், பன்றியைப் பார்த்துத்தான் சுட்டேன்.

.22 என்பது முயலுக்கு. ஒரு கிழட்டுக் கொம்பன் பன்றிக்கு அது முள் குத்தின மாதிரி. பின்னந்தொடையில் பட்டது. வீலென்று கத்திக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. அடிபட்ட பன்றி தப்பிவிட்டால், சுட்டவன் ஓடையின் இரண்டு கரைக்கும் சொல்லிவிட வேண்டும். அடிபட்டது ஒன்று இறங்கியிருக்கிறது, மூணு நாளைக்குப் புதர்ப் பக்கம் போகாதீர்கள் என்று. அவ்வளவுதான். கேட்டவர்கள் பேரை வெளியே விட மாட்டார்கள், அதுவும் அந்த முறையில் சேர்ந்ததுதான். லைசென்ஸ் என்ற சொல்லையே அறியாத நாட்டுத் துப்பாக்கிக்காரன்கூட ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

"காசிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. காலையில புல்லுக்கு வந்துடுவாங்க" என்றாள் அமிர்தம். காசிநாதன் என் நிலத்தில் வேலை செய்கிறவன், கீழ்த்தெருக்காரன்.

"வாய மூடிக்கினு வூட்டுக்கு நட. போன வாரந்தான் ஃபாரஸ்ட்காரன் வந்து எச்சரிச்சிட்டுப் போனான். இவனுங்கள்ல ஒருத்தன் டீக்கடையில வாய் வுட்டா போதும், இருக்கற லைசென்சும் போயிடும்."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. சார்ஜும் இருந்தது. கள்ளத் துப்பாக்கிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறான். எனக்கு லைசென்ஸ் இருந்தது, நான் சொல்லவில்லை. அந்த ஆட்கள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் என் நிலத்தில் வேலை செய்தவர்களைப் பற்றி நான் நினைத்தது அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காசிநாதனின் மனைவி பெரியம்மாளை ஓடைப் புதரில் பன்றி கிழித்துப்போட்டது. தொடையிலிருந்து இடுப்பு வரைக்கும். சத்தம் கேட்டு ஓடினவர்களில் நானும் ஒருவன். என் காரில்தான் ஏற்றினோம். பின் சீட்டில் காசிநாதன் மடியில் அவள் தலை. கச்சிராயபாளையம் தாண்டும்போது தண்ணீர் கேட்டாள். கள்ளக்குறிச்சி வருவதற்குள் போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். காசிநாதன் அவள் வாயருகே பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் ஒரு வாளியும் துணியுமாக என் வாசலில் வந்து நின்றான். "கார் சீட்டு வீணாப் போயிருக்குமேங்க, கழுவி வுட்டுடறேன்" என்றான். வேண்டாம் என்று கத்தினேன். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவனுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனான். நான் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெரிய துப்பாக்கி யோசனை வந்தது. .315 இருந்திருந்தால் பன்றி அந்த இடத்திலேயே விழுந்திருக்கும், ஓடைக்குள் இறங்கியிருக்காது, பெரியம்மாள் இருந்திருப்பாள். அப்படியானால் தப்பு என் மேல் இல்லை, ரைஃபிள் மேல்தான். இதைத் தினம் நூறு தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன். பல் தேய்க்கும்போது சொன்னேன், மடை திருப்பும்போது சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. அந்த உண்மைக்கு அரசாங்கம் ஒரு சீல் குத்திக் கொடுத்துவிட்டால் நான் தூங்கிவிடுவேன் என்று நம்பினேன். அதுதான் நான் கேட்டுப் போனது.

எழுத்தர் கொடுத்த சீட்டோடு நாலு நாள் சும்மா இருந்தேன். ஐந்தாம் நாள் மோட்டார் கொட்டகையில் காசிநாதனைக் கூப்பிட்டேன்.

"காசி, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குங்க?"

"துப்பாக்கிய மாத்தறேன். பெருசா. பெரியம்மாளுக்கு ஆன மாதிரி இன்னொருத்தருக்கு ஆவக் கூடாது இல்ல."

அவன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் வழித்துக்கொண்டே நின்றான். அது சுத்தமான பிறகும் வழித்துக்கொண்டிருந்தான்.

"ஆவக் கூடாதுங்க" என்றான். "இன்னாத்துல போடணும்?"

மறுநாள் பிரேதப் பரிசோதனை அறிக்கையை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தான். "ஜெராக்ஸ் எடுத்துட்டு பத்திரமா குடுத்துடுங்க அய்யா" என்று மட்டும் சொன்னான். அதை வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்தாள். மேலே என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதற்கு அடியில் பெரியம்மாளின் உடம்பில் இருந்த காயங்களின் நீளமும் ஆழமும்.

ஐப்பசியில் விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் தனசேகரன் வந்தார். தியாகதுருகத்துக்காரர், நல்ல மனிதர், வெயிலில் பைக்கில் வந்த களைப்பில் இளநீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். காசிநாதன் எதிரில் தரையில் உட்காரப் போனான். அவர் விடவில்லை, நாற்காலியில் உட்காரவைத்தார். நான் ஒருநாளும் அப்படி உட்காரவைத்ததில்லை என்பது அப்போது உறைத்தது.

"பன்னிய நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேங்க. நான் போனப்பகூட அங்கதான் நின்னுக்கினு இருந்துச்சு. கொம்பன்."

"எப்படி இருந்துச்சு?"

காசிநாதன் யோசித்தான். "பின்னங்காலு ஒண்ண இழுத்துக்கினு இருந்துச்சுங்க."

தனசேகரன் பேனாவை நிறுத்தினார். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அமிர்தமும் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏற்கெனவே அடிபட்ட பன்னியா? யாராவது சுட்டதா?"

காசிநாதன் என்னைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது தெரியலீங்க. மலையில எதுலயாவது வுழுந்திருக்கும். பன்னிதானுங்களே."

"இவருக்குப் பெரிய துப்பாக்கி குடுக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"இல்லீங்க. அய்யா நல்லவருங்க."

தனசேகரன் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். மேற்படி காட்டுப்பன்றி மூர்க்கமாய் இருந்ததாகவும், அது காரணமின்றித் தன் மனைவியைத் தாக்கியதாகவும், மனுதாரர் நன்னடத்தை உள்ளவர் என்றும். இழுத்த கால் அந்தக் காகிதத்தில் இல்லை. காசிநாதன் தன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகப் போட்டான். எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்னை அந்த இடத்திலேயே வெறுத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

அவர்கள் போன பிறகு அமிர்தம் அலசிய துணியையே மறுபடியும் தண்ணீரில் போட்டு அலசினாள். "அவன் 'அய்யா கெட்டவரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

தை பிறந்து உத்தரவு வந்தது. .22ஐ ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ரைட்டர் தோட்டாப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எண்ணினார்.

"அம்பது வாங்கியிருக்கீங்க. முப்பத்தெட்டு கீது. காலி பன்னெண்டு இருக்கணும். பதினொண்ணுதான கீது?"

"ஒண்ணு காட்டுல எங்கியோ வுழுந்துடுச்சுங்க."

"காட்டுலதான? சரி வுடுங்க" என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் காலித் தோட்டா என் கிணற்றில் கிடந்தது. பெரியம்மாளை எடுத்த அன்று சாயங்காலம் நான்தான் போட்டேன். அன்றிலிருந்து மோட்டார் போடும்போதெல்லாம் தண்ணீரோடு அது குழாயில் வந்து விழுந்துவிடும் என்று ஒரு பயம். வராது என்று தெரியும். அறுபது அடி ஆழம், அடியில் சேறு. தெரிந்தும் தொட்டியருகே நின்று பார்ப்பேன்.

புது ரைஃபிளைச் சேலத்தில் வாங்கினேன். கடைக்காரர் ஒரு தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரலைவிட நீளம், நல்ல கனம். "இதுல ஒண்ணு பட்டா, அப்பால எழுந்திருக்காது சார்" என்றார். எட்டு மாதமாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை யாரோ ஒருவர் வியாபாரமாகச் சொன்னதும் அது செத்துப்போயிற்று. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். சின்னசேலம் வந்தது, வரவில்லை. நைனார்பாளையம் பிரிவு ரோட்டில் காரை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். பின் சீட்டில், காசிநாதன் தேய்த்துக் கழுவின அதே சீட்டில், துணியில் சுற்றிய ரைஃபிள் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு கரும்பு டிராக்டர்காரர் ஜன்னலில் தட்டி, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

எத்தனை பெரிய துப்பாக்கி வாங்கினாலும் அன்றைக்குச் சாயங்காலம் பையில் இருந்த போனை அது எடுத்துத் தராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கலெக்டர் ஆபீஸ், ஒரு தாலுகா ஆபீஸ், ஒரு போலீஸ் ஸ்டேஷன் தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டில் புதிதாக எது வந்தாலும் குங்குமம் வைக்கிறவள் அமிர்தம். மிக்சிக்குக்கூட வைத்தாள். இதைப் பார்த்துவிட்டு, "பீரோவுல வைங்க, சாமி ரூம்பு வாணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை காட்டுக்கு ரைஃபிளை எடுத்துப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. எடுத்துப் போகாவிட்டால் வாங்கினதற்கு அர்த்தமில்லாமல் போகுமே என்றுதான் இருக்கும். புது மரவள்ளி இரண்டு மாதப் பயிர், இடுப்பளவு நின்றது. காசிநாதன் மடையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"வந்துடுச்சுங்களா?"

"வந்துடுச்சு."

"நான் பாக்கலாங்களா?"

தோட்டா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தன் சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினான்.

"அந்தப் பன்னி தொடையில இருந்த ஓட்ட இத்தினியூண்டுதாங்க. ஈ மொய்ச்சிக்கினு இருந்துச்சு."

கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"காசி..."

"அன்னிக்கே தெரியுங்க. முந்தின நாள் வெளக்கு வெக்கற நேரத்துல டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு. அவகூட கேட்டா. அய்யா துப்பாக்கிதான், மேல பாத்து வுட்டிருப்பாரு, பன்னி மேல பட்டிருந்தா சொல்லியிருப்பாருன்னு சொன்னா." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதான் காலையில புல்லுக்குப் போனா."

"ஆபீசர் கேட்டப்போ நீ ஏன்டா சொல்லல?" என்றேன். கேட்டேனா, கெஞ்சினேனா, தெரியவில்லை.

அவனுக்கு என் கேள்வியே விளங்காத மாதிரி பார்த்தான். "சுட்டவுங்க பேர ஆபீசருகிட்ட சொல்ற வழக்கம் நமக்கு இல்லீங்களே."

தோட்டாவை என் கையில் திருப்பி வைத்தான். அவன் கைச்சூடு அதில் இருந்தது. திரும்பி இரண்டடி வைத்துவிட்டு நின்றான்.

"ஒண்ணே ஒண்ணுங்க. பெருசுதான், ஆனாலும் பன்னி பன்னிதான். இது பட்டும் ஓடிடுச்சுன்னு வைங்க, ஒரு கொரலு குடுத்துடுங்க அய்யா. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். கீழ நம்ம பொம்பளைங்க அறுத்துக்கினு இருப்பாங்க."

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருந்தால் கூடவே நடந்திருப்பேன். கொலைகாரா என்று ஒரு வார்த்தை போதும், அதைப் பிடித்துக்கொண்டு காலில் விழுந்திருப்பேன். அவன் எனக்கு எதையும் தரவில்லை. அடுத்த பன்றியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

"தண்ணி அடுத்து எந்தப் பக்கம் மாத்தணுங்க? கெழக்கயா, ஓடப்பக்கமா?"

வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. அவன் இன்னொரு தடவை கேட்டான். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தானே போய் ஓடைப் பக்கத்து மடையை வெட்டிவிட்டான்.